மூன்று நாள் ஆயுள்: பிரித்தானியாவின் காஸ்க் பியரும் வடக்கின் கள்ளும்

இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரம் ஒரு காலத்தில் உலகின் பியர்த் தலைநகரம் என்று அழைக்கப்பட்டது. பிரித்தானிய இந்தியாவுக்குக் கப்பலேறிய வெளிர்நிற ஏல் வகைப் பியர் அங்கிருந்துதான் பெருமளவில் சென்றது. அந்த நகரில் மார்ஸ்டன்ஸ் ஆலையில், வரிசையாகப் பிணைக்கப்பட்ட மரப்பீப்பாய்களில் பியரை நொதிக்க வைக்கும் 19 ஆம் நூற்றாண்டு முறை ஒன்று அண்மைக்காலம் வரை உயிரோடு இருந்தது. 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அந்தப் பீப்பாய்களைச் சேவையிலிருந்து நீக்குவதாக ஆலையை நடத்திய கார்ல்ஸ்பேர்க் மார்ஸ்டன்ஸ் நிறுவனம் அறிவித்தது. டார்பிஷயரில் உள்ள தோர்ன்பிரிட்ஜ் என்ற சுயாதீன ஆலை ஒரு தொகுதியைப் பெற்றுச் சென்றதால் அந்த முறை அடியோடு அழியாமல் தப்பியது.

பிரித்தானியரின் பழைய பீப்பாய்களைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். பேர்ட்டனில் அந்த முடிவை எடுத்த நிறுவனத்தின் பெயர் எமது ஊர் மதுபானசாலைகளின் பெயர்ப்பலகைகளிலும் இருக்கிறது. கார்ல்ஸ்பேர்க் பியர் இலங்கையில் லயன் நிறுவனத்தால் பியகமவில் தயாரிக்கப்படுகிறது. லயன் நிறுவனத்தில் கார்ல்ஸ்பேர்க் குழுமத்துக்குப் பங்கும் உண்டு. அங்கே காஸ்க் பியரை ஓரங்கட்டுகின்ற அதே சந்தை ஒழுங்குதான் இங்கே பனங்கள்ளையும் ஓரங்கட்டுகிறது. ஆகவே அங்கே நடந்த போராட்டத்தில் எது வென்றது, எது தோற்றது என்பதை நாம் கவனமாகப் பார்ப்பது பயன் தரும்.

காஸ்க் பியர் என்றால் என்ன?

பெரும்பாலான பியர்கள் ஆலையிலேயே வடிகட்டப்பட்டு, சூடாக்கப்பட்டு, அதிலுள்ள மதுவம் நீக்கப்பட்டு அல்லது கொல்லப்பட்டு, காபனீரொட்சைட்டு ஏற்றி அடைக்கப்படுகின்றன. அவை மாதக்கணக்கில் கெடாது. காஸ்க் பியர் அப்படியல்ல. அது உயிருள்ள மதுவத்துடனேயே பீப்பாயில் ஊற்றப்பட்டு பப்பின் நிலவறைக்குப் போகிறது. அங்கும் அது மெதுவாக நொதித்துக்கொண்டிருக்கிறது. பப்பை நடத்துபவர் பீப்பாயைப் படுக்கவைத்து, மேலே மென்மரக் குச்சி செருகி மேலதிக வாயுவை வெளியேற்றி, மண்டி படியும்வரை காத்திருந்து, 11 முதல் 13 பாகை வெப்பநிலையில் வைத்திருந்து, கைப்பம்பியால் இழுத்துப் பரிமாறுகிறார். வெளியிலிருந்து வாயு செலுத்தப்படுவதில்லை.

இதன் விளைவு, நுரை குறைந்த, நாக்கைக் குத்தாத, மோல்ட்டின் இனிப்பும் ஹொப்ஸின் கசப்பும் தனித்தனியே தெரிகின்ற ஒரு பானம். செறிவும் குறைவு; பெரும்பாலும் 3.5 முதல் 4.5 வீதம் வரைதான். நண்பர்களோடு இரண்டு மணிநேரம் இருந்து பேசுவதற்கான பானம் என்றுதான் அதை விரும்புபவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் பீப்பாயைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே போகத் தொடங்கும். ஏறத்தாழ மூன்று நாட்களுக்குள் விற்று முடிக்க வேண்டும். வழக்கமான ஒரு பீப்பாயில் 9 கலன், அதாவது 72 பைன்ட் இருக்கும். மூன்று நாளில் 72 பைன்ட் விற்க முடியாத பப்பில் நான்காம் நாள் குடிப்பவருக்குப் புளித்த பியர்தான் கிடைக்கும். அவர் அடுத்த முறை கேட்கமாட்டார். விற்பனை குறையக் குறைய பியர் மேலும் பழசாகும். பழசாக ஆக விற்பனை மேலும் குறையும். காஸ்க் பியரின் முதல் எதிரி இந்தச் சுழற்சிதான்.

குடிப்பவர்கள் அமைத்த இயக்கம்

1960களின் இறுதியில் பிரித்தானியாவின் பெரும்பாலான பியர் ஆலைகளும் பப்புகளும் ஆறு பெரிய நிறுவனங்களின் கைகளில் இருந்தன. அவர்களுக்கு நிலவறைத் திறமை தேவைப்படாத, எங்கும் ஒரே சுவையுள்ள, தொலைக்காட்சியில் விளம்பரப்படுத்தக்கூடிய பியர் தேவைப்பட்டது. வட்னிஸ் நிறுவனத்தின் ‘ரெட் பரல்’ அதன் அடையாளமாக இருந்தது. பப் அந்த நிறுவனத்துக்கே சொந்தமாக இருந்ததால் வாடிக்கையாளருக்குத் தெரிவு இருக்கவில்லை.

1971 மார்ச்சில் அயர்லாந்துக்கு விடுமுறையில் சென்றிருந்த நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் அங்கே ஒரு மதுச்சாலையில் இருந்து தொடங்கியதுதான் கம்ரா என்ற நுகர்வோர் இயக்கம். அவர்களில் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். நல்ல காஸ்க் பியர் கிடைக்கும் பப்புகளின் வழிகாட்டி நூலை 1974 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டார்கள். ஊர்தோறும் கிளை அமைத்தார்கள். பியர் விழாக்கள் நடத்தினார்கள். நிறுவனம் ஒன்று ஆலையை மூடினால் வீதியில் இறங்கினார்கள். இன்றும் அதில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

அரசின் கொள்கையும் மாறியது. 1989 இல் பெரிய ஆலைகள் வைத்திருக்கக்கூடிய பப்புகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வந்தது. 2002 இல் சிறிய ஆலைகளுக்கு மதுவரி அரைவாசி வரை குறைக்கப்பட்டது. சில நூறாக இருந்த ஆலைகளின் எண்ணிக்கை அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியது.

கிராஃப்ட் பியர் வந்தபின்

அந்த வரிச்சலுகையில் வளர்ந்த புதிய தலைமுறை ஆலைகள் பல, அமெரிக்காவின் கிராஃப்ட் பியர் பாணியைப் பின்பற்றின. அமெரிக்க ஹொப்ஸின் மாம்பழ, தோடம்பழ வாசனை, 6, 7 வீதச் செறிவு, குளிர்ந்த, வாயு நிறைந்த, கண்ணைப் பறிக்கும் தகரப்பேணி. இளைஞர்களுக்கு அது பிடித்தது. காஸ்க் பியர் அப்பாமாரின் பானம் போலத் தெரிந்தது. பழைய ஆலைக்காரர்கள் புதியவர்களைப் பகட்டு என்றார்கள்; புதியவர்கள் பழையதைச் சூடான பியர் என்று கேலி செய்தார்கள்.

இந்த ரசனைச் சண்டை நடந்துகொண்டிருக்கையில் வேறொன்று நடந்தது. லண்டனின் கம்டன் டவுண் ஆலையை 2015 இல் உலகின் மிகப்பெரிய பியர் நிறுவனமான ஏபி இன்பெவ் வாங்கியது. பீவர்டவுண் படிப்படியாக ஹைனெகன் வசமானது. 170 ஆண்டுகளுக்கு மேலாக லண்டனில் காஸ்க் பியர் தயாரித்த ஃபுல்லர்ஸ் ஆலையை 2019 இல் ஜப்பானின் அசாகி நிறுவனம் 250 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. எடின்பரோவில் கலிடோனியன் ஆலையை 2022 இல் ஹைனெகன் மூடியது. அதே ஆண்டில் கம்பிரியாவின் ஜெனிங்ஸ் ஆலையையும், 2024 இல் ஹாம்ப்ஷயரின் ரிங்வூட் ஆலையையும் கார்ல்ஸ்பேர்க் மார்ஸ்டன்ஸ் மூடியது. இன்று பிரித்தானியாவின் பியர் விற்பனையில் காஸ்க்கின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

மக்களின் நாக்கு மாறிவிட்டது என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பப்பில் எந்தக் குழாயில் எந்தப் பியர் வரும் என்பதை முடிவெடுப்பது பெரும்பாலும் குடிப்பவர் அல்ல. பப்புக்குக் கடன் கொடுப்பவர், குளிரூட்டி பொருத்திக் கொடுப்பவர், விநியோக லொறி வைத்திருப்பவர் ஆகியோரே அதை முடிவு செய்கிறார்கள். கம்ரா சுவைக்கான போரில் வென்றது. குழாய்களின் உரிமைக்கான போரில் பாதியிலேயே நின்றுவிட்டது.

உரிமையை நேரடியாகக் கையில் எடுத்த சில ஊர்களும் உண்டு. கம்பிரியாவின் ஹெஸ்கட் நியூமார்க்கெட் என்ற சிறு கிராமத்தில், ஊரின் பியர் ஆலையை 1999 இலும் ஊரின் பப்பை 2003 இலும் கிராமத்தவர்களே கூட்டுறவாக வாங்கினார்கள். ஆலையும் பப்பும் ஊரவர் கையில் இருந்தால், எந்தக் குழாயில் எது வரவேண்டும் என்று தூரத்து நிறுவனம் ஒன்று தீர்மானிக்க முடியாது.

எமது பக்கம்

பனங்கள்ளும் உயிருள்ள பானமே. யாரும் அதில் மதுவம் சேர்ப்பதில்லை; முட்டியிலும் காற்றிலும் உள்ள மதுவமே பாளையிலிருந்து வடியும் சாற்றை நொதிக்க வைக்கிறது. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கினால் அது கருப்பநீர், பூசாவிட்டால் கள். காலையில் இனிப்பாக இருப்பது மாலையில் கடுக்கும், மறுநாள் புளிக்கும். காஸ்க் பியருக்கு மூன்று நாள் ஆயுள் என்றால் கள்ளுக்கு ஒரு நாள். செறிவு ஏறத்தாழ பியரின் அளவுதான். சாராயத்தின் செறிவோ 33 வீதத்தைத் தாண்டியது.

இந்தத் தொழில் நடக்கும் சட்டகம் பிரித்தானியர் தந்தது. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம்தான், திருத்தங்களுடன், இன்றும் நடைமுறையில் உள்ளது. தங்கள் நாட்டில் சிறு ஆலைகளுக்கு வரியைக் குறைத்து, சட்டத்தைப் பலமுறை மாற்றிக்கொண்டார்கள். இங்கே மரத்தில் ஏறுவதற்கே அனுமதிப்பத்திரம் கேட்கும் அதே மனநிலை தொடர்கிறது.

1970களில் தவறணைக் குத்தகைகாரர்களின் பிடியிலிருந்து சீவல் தொழிலாளர்களை விடுவித்தது கூட்டுறவு முறை. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணைகளை நடத்தின. தொழிலாளியின் கள்ளுக்கு நிர்ணய விலை கிடைத்தது. சாதியின் பெயரால் கோயில் வாசலிலும் தேநீர்க்கடையிலும் நிறுத்தப்பட்ட ஒரு சமூகத்துக்கு இது வெறும் விலைப் பிரச்சினையாக இருக்கவில்லை. ஹெஸ்கட் நியூமார்க்கெட் கிராமத்தவர்கள் செய்ததற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அதை ஒத்த ஒன்றை எமது தொழிலாளர்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

பிறகு போர். எறிகணையில் தலையிழந்த பனைகள், பதுங்குகுழிக்காகத் தறிக்கப்பட்ட பனைகள், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் ஏற முடியாமல் நின்ற பனைகள் என்று வளம் சுருங்கியது. தொழிலாளர்கள் இடம்பெயர்ந்தார்கள். திக்கம் வடிசாலை சேதமடைந்தது. பின்னர் அதை யார் நடத்துவது என்ற இழுபறி நீண்டது. 2009 இன் பின்னர் ஏ9 வீதி திறந்தபோது தெற்கின் பியரும் சாராயமும் லொறிகளில் வந்தன. 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட பட்டியலின்படி, முன்னைய ஆட்சியின் இறுதிக்காலத்தில் நாடு முழுவதும் 300 இற்கும் அதிகமான மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்தன. வடக்கில் கிளிநொச்சி மாவட்டத்துக்கே அதில் கூடுதலான பங்கு. போரின் இறுதிக்கட்டத்தில் முழு மாவட்டமுமே இடம்பெயர்ந்த ஓரிடத்துக்கு அரசு காட்டிய தாராளம் இது.

மதுவால் சிதைந்த குடும்பங்கள் எமது கிராமங்களில் உண்டு. கணவனின் குடியால் பிள்ளைகளோடு வீட்டைவிட்டு வெளியேறிய பெண்களிடம் போய் கள்ளின் மரபுப் பெருமையைப் பேச முடியாது. ஆனால் “எல்லாம் குடிதான்” என்று ஒரே கோட்டில் நிறுத்துவது யாருக்கு வசதி என்பதையும் பார்க்க வேண்டும். தவறணை மூடப்பட்ட ஊரில் குடி நிற்பதில்லை; சாராயமும் கசிப்பும் அந்த இடத்துக்கு வருகின்றன. கள்ளுக்குக் கொடுத்த பணம் அதே ஊரின் ஒரு வீட்டு அடுப்பை எரிக்கும். பியருக்குக் கொடுத்த பணம் பியகமவுக்கும் அதற்கு அப்பாலும் போகும்.

என்ன செய்யலாம்?

முதலாவது வரி. பிரித்தானியா 2023 ஓகஸ்ட் முதல் மதுவரியைச் செறிவின் அடிப்படையில் ஒழுங்குபடுத்தி, பீப்பாயிலிருந்து ஊற்றப்படும் பியருக்குப் பேணியில் விற்கும் பியரைவிடக் குறைந்த வரி விதிக்கிறது. நாலு பேர் நடுவில், ஒருவரின் மேற்பார்வையில், குறைந்த செறிவில் குடிப்பதற்கும், வீட்டு அறையில் தனியே குடிப்பதற்கும் இடையே அரசே வேறுபாடு காட்டுகிறது. இங்கே தவறணைக் கள்ளுக்கும் போத்தல் சாராயத்துக்கும் இடையே அதே தர்க்கத்தைக் கேட்க எமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

இரண்டாவது தரம். காஸ்க் பியரின் பெயரைக் கெடுத்தது நான்காம் நாள் பியர். கள்ளின் பெயரைக் கெடுப்பது சீனியும் தண்ணீரும் கலந்த கள். பிரித்தானியாவில் நிலவறைகளைச் சோதித்துத் தரச்சான்று வழங்கும் அமைப்பு உண்டு. சங்கங்கள் தமது தவறணைகளுக்கு அப்படியொரு சோதனையைத் தாமே வைத்துக்கொள்ளலாம்: இறக்கிய நேரம், அளவு, சுத்தமான கொள்கலன், பெண்களும் தயங்காமல் கடந்து செல்லக்கூடிய ஒழுங்கான இடம்.

மூன்றாவது, போத்தல் கள்ளை எங்கே நிறுத்துவது என்பது. பாச்சர் முறையில் சூடாக்கிப் போத்தலில் அடைத்த கள் தேவை. பருவத்தில் மிஞ்சுவதை வீணாக்காமல் காக்க அது உதவுகிறது, புலம்பெயர் நாடுகளின் தமிழ்க் கடைகளுக்கும் போகிறது. ஆனால் போத்தலுக்குள் போனபின் அது பெரிய நிறுவனங்களின் களத்தில், அவர்களின் குளிர்சாதனப் பெட்டியில், அவர்களின் விளம்பரத்தோடு மோத வேண்டும். அவர்களால் ஒருபோதும் செய்ய முடியாதது, இன்று காலை இறக்கியதை இன்றே தருவது. அந்த இடத்தை விட்டுவிட்டுப் போத்தலை மட்டும் நம்புவது ஆபத்து.

கடைசியாக, குடிப்பவர்கள். கம்ராவைத் தொடங்கியவர்கள் பியர் தயாரிப்பவர்கள் அல்லர், வாடிக்கையாளர்கள். வடக்கில் சீவல் தொழிலாளருக்குச் சங்கம் உண்டு, அரசுக்குப் பனை அபிவிருத்திச் சபை உண்டு. கள்ளைக் குடிப்பவரோ அதை மறைவாகக் குடித்து, மேடையில் பனையைக் கற்பகதரு என்று போற்றுகிறார். இறக்கியவரின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மறுத்த பழைய யாழ்ப்பாணத்தின் மிச்சம் அந்த மறைவில் இருக்கிறது. மரத்தில் ஏறும் தொழிலாளி தன் மகனை ஏறவிட விரும்பாததற்குக் கூலியைப் போலவே இதுவும் ஒரு காரணம்.

பேர்ட்டனின் பீப்பாய்களை இன்னொரு ஆலை வந்து ஏற்றிச் சென்றது. அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இன்னும் இருந்தார்கள். தளநாரும் பாளைக்கத்தியும் கையாளத் தெரிந்த எமது கடைசித் தலைமுறைக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. அவர்களுக்குப் பிறகு மரம் நிற்கும். அதில் ஏற ஆள் இருக்காது. புதிய மதுபானசாலைகளுக்கு எதிராகக் குரல் கொடுப்பவர்கள், மூடப்படும் தவறணைகளைப் பற்றியும் பேச வேண்டிய நேரம் இது.