வெறும்பேணியும் வீட்டுக்கு உதவும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து மேற்கு நோக்கிச் செல்வோர், மண்டைதீவுக்குப் பிரியும் சந்தியைத் தாண்டியதும் அல்லைப்பிட்டியை அடைவர். பனையும் மணலும் உவர்க்காற்றும் சேர்ந்த ஊர் அது. அண்மையில் ஒரு சோளகக்காற்று நாளில் அங்கே உறவினர் இல்லமொன்றுக்குச் சென்றிருந்தேன். முற்றத்தில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருக்கையில், வேலிக்கு வெளியே யாரோ பறையடிப்பதுபோன்ற ஓசை இடைவிடாது கேட்டது. எழுந்து சென்று பார்த்தேன். மீன் அடைத்துவந்த தகரப்பேணிகளும் குளிர்பானமும் பியரும் அடைத்துவந்த அலுமினியப் பேணிகளுமாக ஒரு சிறு குவியல் காற்றில் உருண்டு ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தது.

வெறுங்கலங்கள் குவிவது அவ்வூருக்குப் புதிதன்று. 1977ஆம் ஆண்டில் ஜோன் காஸ்வெல் என்னும் ஆய்வாளர் அல்லைப்பிட்டியில் அகழ்ந்தபோது வெளிப்பட்டவை, வட சொங் வம்சத்துச் சீன மட்கலங்களின் உடைசல்கள். 2018ஆம் ஆண்டிற் சாங்காய் அருங்காட்சியகத்தாரும் இலங்கை அறிஞரோடு சேர்ந்து அங்கே அகழ்வு நடத்தினர். ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர் கடல் கடந்து வந்த கலங்கள் அவை. மட்கலம் உடைந்தாலும் மண்ணோடு மண்ணாகக் கிடந்து சரித்திரம் கூறுகிறது. நாம் எறியும் பேணியோ இரும்பாயின் நமது உவர்க்காற்றிற் சில ஆண்டுகளிலேயே துருவாகி உதிர்ந்துவிடும். அதற்குள் அது செய்யக்கூடிய நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. இவ்வாரம் இப்பகுதியில் அவ்விரண்டையும் பற்றியே எழுத எண்ணினேன்.

முதலில் ஒரு சொல். தகரத்தாலான சிறு கலத்தை நம்மவர் பேணி என்பர். பால்மாப் பேணி, ரின்பாற் பேணி, மீன்பேணி எனப் பலவகை. வகுப்பில் வினையெச்சத்துக்கு உதாரணம் கேட்டால், ‘பேணி’ என்பதையும் மாணவர் கூறுவதுண்டு. கலத்தின் பெயரும் காத்தலைக் குறிக்கும் வினையும் ஒரே வடிவில் நிற்பதைச் சொற்பிறப்பறிஞர் தொடர்பென ஏற்பரோ, தற்செயலென ஒதுக்குவரோ, அறியேன். எனக்கு அப்பொருத்தம் பிடித்திருக்கிறது.

எங்கள் பெரியம்மாவின் அரிசிப் பானைக்குள் எப்போதும் ஒரு ரின்பாற் பேணி கிடக்கும். வாய்விளிம்பு தேய்ந்து வெள்ளிபோல் மின்னும். அதுவே அவருக்குச் சுண்டு. நாலு சுண்டு ஒரு கொத்து என்னும் பழைய கணக்கிலேயே கடைசிவரை சமைத்தார். கடைக்காரர் கிலோவிற் கூறினால், “அது எத்தனை சுண்டு, தம்பி?” என்று கேட்பார். 1990ஆம் ஆண்டில் அல்லைப்பிட்டியைவிட்டுக் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, பித்தளைக் குடத்தை விட்டுவிட்டு அந்தப் பேணியை எடுத்துவந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், “போன இடத்தில் எத்தனை பேருக்கு உலை வைப்பேனோ? அளவு வேண்டாமா?” என்றாராம். 2006ஆம் ஆண்டிலும் அவ்வூரார் மறுபடி இடம்பெயர நேர்ந்தது. அப்போதும் அந்தப் பேணி கூடவே வந்தது.

பேணியின் வயது அதிகமில்லை. உணவைச் சூடாக்கிக் காற்றுப் புகாது அடைத்துவைத்தாற் கெடாது என்பதைப் பிரெஞ்சுக்காரரான நிக்கொலா அப்பேர் கண்டுபிடித்து 1810ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர் கையாண்டது கண்ணாடிப் போத்தல். அதே ஆண்டில் இங்கிலாந்திற் பீற்றர் டுராண்ட் தகரக் கலத்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். வேடிக்கை யாதெனில், பேணியைத் திறப்பதற்கென ஒரு கருவி வருவதற்கு மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை உளியும் சுத்தியலுமே துணை. அடைத்தவர் திறப்பதைப் பற்றிச் சிந்திக்கவில்லை. திறந்த நாமோ தீர்ந்தபின் என்ன செய்வதென்று சிந்திக்கவில்லை.

பள்ளிக்கூடங்களில் இதற்கென ஒரு வழக்கம் இருக்கிறது. கழிவுப்பொருளாற் கைவினை என்று கண்காட்சி வைப்போம். பேணிக்கு வர்ணம் பூசிப் பிளாஸ்ரிக் பூவைச் செருகிப் பூச்சாடி என்போம். நானும் அத்தகைய கண்காட்சிக்கு நடுவராக இருந்து புள்ளி வழங்கியவனே. ஓராண்டு, அலுமினியப் பேணிகளை வெட்டி அழகிய படகொன்று செய்துவந்த மாணவனுக்கு முதலிடம் கொடுத்தேன். பரிசு பெற வந்தபோதுதான் அவனுடைய பெருவிரலின் கட்டைக் கண்டேன். வெட்டிய விளிம்பு எலும்புவரை இறங்கி, மூன்று தையல் போட்டிருந்தார்கள். விளிம்பை எவ்வாறு மடிக்கவேண்டும் என்பதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கண்காட்சி முடிந்த மறுவாரம் அப்படகு, ஏனைய பூச்சாடிகளோடு, பின்வளவுக் குப்பைக்குழியிற் கிடந்தது. குப்பைக்குப் போகவேண்டியதைக் குப்பைக்கே அனுப்ப ஒரு பிள்ளையின் விரலைக் கொடுத்தோம். அன்றுமுதல் இத்தகைய பொருளைக் கையில் எடுத்தால் நான் கேட்பது ஒரே கேள்வி: வீட்டார் இதை அடுத்த ஆண்டும் வைத்திருப்பார்களா?

இக்கேள்விக்கு நமது நாட்டிற் கிடைத்த நல்ல விடை விளக்குத்தான். குடாநாடு மின்சாரமின்றியும் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாட்டோடும் இருந்த தொண்ணூறுகளிற் படித்தவர்கள் ஜாம் போத்தல் விளக்கை மறந்திருக்கமாட்டார்கள். போத்தலின் அடியிற் சிறிது பஞ்சையிட்டு, அது ஊறுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் வார்த்து, கம்பியாலோ தகரத் துண்டாலோ திரியை நிறுத்திவிடுவர். கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுக்கும். பெரிய அரிக்கன் லாம்பு ஓரிரவிற் குடிக்கும் எண்ணெயில் இது பல இரவு எரியும். சிக்கனத்துக்காகச் செய்த அவ்விளக்கில் வேறொரு நன்மையும் தானாக அமைந்திருந்தது. எண்ணெய் பஞ்சில் ஊறியிருந்தமையாற் போத்தல் கவிழ்ந்தாலும் கொட்டிப் பரவ அதிகம் இருக்கவில்லை.

மெல்லிய பேணியிலோ ஒடுங்கிய போத்தலிலோ மண்ணெண்ணெயை நிரப்பி, மூடியிற் துளையிட்டுத் திரி செருகிய குப்பிவிளக்கின் கதை வேறு. பாரமற்ற அடி, சற்றே தட்டினாலும் விழும், விழுந்தால் தளர்ந்த மூடி கழன்று, தீயோடு எண்ணெய் பாயும். இலங்கையில் இவ்வாறு வெந்துபோனோர், சிறப்பாகப் பெண்களும் குழந்தைகளும், எத்தனையோ பேர். சத்திரசிகிச்சை வைத்தியராகிய விஜய கொடகும்புர தம்மிடம் வந்த தீக்காயக்காரரைக் கண்டு மனம் வருந்தி, கவிழாத விளக்கொன்றை வடிவமைத்தார். அவருக்கு வழிகாட்டியது, நம் வீடுகளிலும் காணப்படும் மாமைற் போத்தல். குட்டையான, கனத்த கண்ணாடி. சாய்ந்தால் உருளாதவாறு இரு பக்கமும் தட்டை. திருகிப் பூட்டும் உலோக மூடி. 1998ஆம் ஆண்டில் இப்பணிக்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. கண்காட்சியில் வைத்தால் அவ்விளக்கை யாரும் திரும்பியும் பாரார். ஆகவே என் முதல் வேண்டுகோள்: பேணியில் மண்ணெண்ணெய் விளக்குச் செய்யாதீர்கள்; பிள்ளைகளையும் செய்யவிடாதீர்கள்.

வேறு என்ன செய்யலாம் என்பதற்கு முன்னர், கையிலிருப்பது எவ்வுலோகம் என்று அறியவேண்டும். காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு. தகரப்பேணி என்று நாம் அழைப்பது உண்மையில் மெல்லிய உருக்குத் தகடே; வெள்ளீயம் அதன்மேல் மிக நொய்ய பூச்சு மாத்திரம். பூச்சுக் கீறுண்டால், அவ்விடத்தில் வெள்ளீயம் இரும்பைக் காப்பதற்குப் பதிலாகத் துருவை விரைவுபடுத்தும். கூரைத் தகட்டிற் பூசும் நாகம் அவ்வாறன்று. அது தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். கடலோர வீடுகளில் வெட்டிய மீன்பேணியின் விளிம்பு ஒரே வாரத்திற் சிவப்பது இதனாலேதான். விளிம்பைக் குறட்டால் இருமடிப்பாக மடித்து, அரத்தால் தேய்த்து, ஒரு கை வர்ணம் பூசுதல் அழகுக்காக அன்று.

காந்தம் ஒட்டாவிடில் அலுமினியம். அது துருப்பிடிக்காது, சாதாரணக் கத்தரிக்கோலுக்கே வெட்டுப்படும், ஆனால் நமது ஈயப்பற்று அதில் எளிதில் ஒட்டாது. சுண்ணாம்பு அதற்குப் பகை. வெற்றிலைத் தட்டத்துக்குச் சுண்ணாம்புச் சிமிழாக அதை வைத்த நண்பரொருவர், சில நாளில் அடி அரித்துப்போனதென்று வியந்தார். இருவகைப் பேணியினுள்ளும் பெரும்பாலும் ஒருவகை மெழுகெண்ணெய்ப் பூச்சு இருக்கும். ஆகையால் அடுப்பில் ஏற்றிச் சமைக்க எப்பேணியும் ஏற்றதன்று.

இனிக் கார்த்திகை விளக்கீட்டுக்கு ஒரு கூடு. வாடைக்காற்று வீசும் மாதம் அது. முற்றத்திற் சிட்டிகளை ஏற்றிவைத்தால் ஒன்றை ஏற்றித் திரும்புவதற்குள் மற்றொன்று அணையும். பால்மாப் பேணியொன்றின் மேலுறையைக் கழற்றிக் கழுவி, உள்ளே ஈரமணலை இறுக அடையுங்கள். அளவான மரக்குற்றி கிடைத்தால் இன்னும் நன்று. உள்ளே ஒன்றும் இல்லாது அடித்தால் பேணி சப்பளிந்துபோம். கோலமொன்றைப் புள்ளியாகத் தாளில் இட்டு, பேணியைச் சுற்றி ஒட்டி, புள்ளிதோறும் ஆணியால் வெளியிலிருந்து உள்நோக்கித் துளையிடுங்கள். பிசிர் உள்ளே நிற்கும். பிடிப்பவர் கையைக் கீறாது. அடிப்பக்கத்திற் காற்றுப் புகச் சற்றுப் பெரிய துளைகள் நாலைந்து வேண்டும். பிறகு மணலைக் கொட்டி, அடியில் இருவிரல் அளவு மாத்திரம் உலர்மணல் பரப்பி, அதன்மேல் எண்ணெய்ச் சிட்டியை வையுங்கள். மணற்பாரத்தாற் கூடு காற்றுக்கு அசையாது. இருளில் முற்றத்து மண்ணில் ஒளிப்புள்ளிக் கோலம் விழுவதைப் பார்த்து எங்கள் வீட்டுச் சிறியவள், “அப்பா, விளக்குக் கோலம் போடுகுது!” என்றாள்.

துளையிடுவதில் திசையே முக்கியம் என்பதற்குத் துருவி நல்ல சாட்சி. தகட்டைப் பலகைமேல் வைத்து ஆணியடித்து, பிசிர் நிற்கும் பக்கத்தை மேலாக்கி வளைத்து மரச்சட்டத்தில் அறைந்தால் கரட் துருவலாம். கழுவியவுடன் துடைத்து உலர்த்தாவிடில் மறுநாள் துருவே வரும்.

தீவகத்தாருக்கு மிகப் பயன்படுவதென நான் கருதுவது நீர்ப்பேணி. நன்னீர் அருமையான இடங்களில், சித்திரை முதல் ஆவணிவரை முருங்கைக்கோ எலுமிச்சைக்கோ குடங்குடமாக ஊற்ற முடியாது. ஊற்றினும் மணல் குடித்துவிடும். மீன்பேணியின் அடியில் ஒரு துளையிட்டு, பருத்தித்துணித் திரியை அதில் இறுக்கமாக நுழைத்து, கன்றின் வேரருகே பாதி புதைத்து நீர் நிரப்பினால், திரி வழியே நீர் மெல்லக் கசிந்து வேருக்கே செல்லும். திரி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு மெதுவாக இறங்கும். இரண்டொரு முறை செய்துபார்த்துத் திருத்திக்கொள்ளவேண்டும். பேணி இரண்டு கோடைக்குத் தாங்கினாற் போதும். அதற்குள் கன்று வேரூன்றிவிடும்.

ஆனால் திறந்த பேணியில் நிற்கும் நீர் நுளம்புக்குத் தொட்டில். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர் எனப் பதியப்பட்டனர். டெங்கு நுளம்பு கலத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். நீரைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது என எண்ணுகிறோம். முட்டை உலர்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த மாரி நனைத்ததும் பொரிக்கும். கொட்டுவதோடு உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் கூறுவது இதற்காகவே. நீர்ப்பேணியின் வாய்க்குச் சிரட்டையைக் குப்புற மூடிவிடுங்கள். நிமிர்த்தி மூடினால் சிரட்டையே நீர் தாங்கும்.

சிறு பிள்ளைகளுக்கு அலுமினியத் தகடு ஒன்றே ஏற்றது, அதுவும் பெரியவர் வெட்டிக்கொடுத்து, நாற்புறமும் மடித்த பின்னர். பழைய பத்திரிகைகளை அடுக்கி அதன்மேல் தகட்டை வைத்து, மை தீர்ந்த பேனையால் அழுத்தி வரைந்தால் மறுபக்கத்திற் படம் புடைத்து நிற்கும். பனையும் தோணியும் நன்றாக வருகின்றன. வெட்டுக்காயம் நேரின், சிறிதென எண்ணாது ஏற்புவலித் தடுப்பூசியைப் பற்றி வைத்தியரைக் கேளுங்கள்.

மிஞ்சிய அலுமினியத்தைப் பழைய இரும்பு வாங்க வருபவரிடமே கொடுத்துவிடலாம். பேணியொன்றின் நிறை 15 கிராமுக்குள்ளேதான். ஒரு கிலோவுக்கு எழுபது பேணியளவில் வேண்டும். எனினும் மண்ணிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்க வேண்டிய சக்தியில் ஏறத்தாழ 5 வீதமே பழையதை உருக்கப் போதும் என்பதால், அது அவர் மூட்டையில் ஏறுவதே முறை. அல்லைப்பிட்டி வேலியோரத்தில் ஓசையிட்ட அலுமினியப் பேணிகளை அவ்வீட்டுப் பையன்களோடு சேர்ந்து பொறுக்கி எண்ணினோம். நாற்பத்தொன்று தேறின. மீன்பேணிகளில் ஒன்பதை முருங்கைக் கன்றுகளுக்கு எடுத்துக்கொண்டனர். பெரியம்மாவின் சுண்டு இப்போது எங்கள் சமையலறையில் இருக்கிறது. அதன் அடியிற் சிறு துருப்புள்ளி கண்டு, புதிதாக ஒன்று வாங்கலாமே என்றேன். மனைவி அதைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, மூன்று சுண்டு அரிசி அளந்து உலையில் இட்டாள்.