தேர்தல் வானில் தனி விமானங்கள்: குழுப் பயணத்தின் செலவு யார் கணக்கில்?

புது தில்லி: தேர்தல் அறிவிப்பு வெளியானதும் முன்பதிவுகள் குவியும் சேவைகளுள் வாடகை விமானமும் ஒன்று. ஒரே நாளில் மூன்று மாநிலங்களில் பேச வேண்டிய கட்சித் தலைவர், உதவியாளர்கள், பாதுகாவலர்கள், நிர்வாகிகள், சில வேளைகளில் வேட்பாளர்கள் என ஒரு குழுவே சேர்ந்து பறக்கிறது. இத்தகைய பயணத்துக்கு 12 முதல் 16 பேர் வரை அமரக்கூடிய பெரிய ரகத் தனி விமானங்களே ஏற்றவை. ஆனால், அதில் பறந்தவர்களுள் யாருடைய தேர்தல் செலவுக் கணக்கில் அந்தக் கட்டணம் சேரும் என்பதற்கான விடை, விமானத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதைப் பொருத்தே மாறுகிறது.

கட்டணம் எப்படி உயர்கிறது?

2024 மக்களவைத் தேர்தலின்போது, விமானத்துக்கு மணிக்கு ரூ.4.5 லட்சம் முதல் ரூ.5.25 லட்சம் வரையிலும், ஹெலிகாப்டருக்குச் சுமார் ரூ.1.5 லட்சமும் வாடகையாக இருந்ததாகத் துறையினர் தெரிவித்தனர். பெரிய ரக விமானங்களுக்கு இது மேலும் கூடும். பறக்கும் நேரத்துக்கு மட்டும் கட்டணம் முடிந்துவிடுவதில்லை. விமானம் தனது நிலையத்திலிருந்து காலியாக வந்து குழுவை ஏற்றும் நேரம், இறக்கிவிட்டுத் திரும்பும் நேரம், நிறுத்துமிடக் கட்டணம், விமானிகளின் இரவுத் தங்கல் ஆகியவையும் சேரும்.

பெரிய விமானத்துக்கு நீண்ட ஓடுதளம் தேவை. எனவே, அருகிலுள்ள விமான நிலையம் வரை விமானத்திலும், அங்கிருந்து கூட்டம் நடைபெறும் ஊருக்கு ஹெலிகாப்டரிலும் செல்வது வழக்கமாகிவிட்டது. அதாவது, ஒரே நாள் பயணத்துக்கு இரண்டு வாடகை.

2019-20-ஆம் ஆண்டுக்கான தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளின்படி, விமானம் மற்றும் ஹெலிகாப்டர் செலவாக பாஜக ரூ.250 கோடிக்கு மேலும், காங்கிரஸ் ரூ.126 கோடியும் தேர்தல் ஆணையத்திடம் கணக்குக் காட்டியுள்ளன.

சட்டம் தரும் விலக்கு

பெரிய மாநிலங்களில் மக்களவைத் தொகுதி வேட்பாளர் ரூ.95 லட்சமும், சட்டப்பேரவைத் தொகுதி வேட்பாளர் ரூ.40 லட்சமும் செலவிடலாம் என 2022-இல் உச்சவரம்பு நிர்ணயிக்கப்பட்டது. கட்சிகளின் செலவுக்கு உச்சவரம்பே இல்லை.

இந்த வேறுபாட்டுக்கு நெடிய பின்னணி உண்டு. கன்வர்லால் குப்தா எதிர் அமர்நாத் சாவ்லா வழக்கில் 1974-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் வேட்பாளரின் கணக்கில் சேரும் எனக் கூறியது. அத்தீர்ப்பின் விளைவைத் தவிர்க்கும் வகையில் அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு, கட்சியின் கொள்கைகளைப் பரப்பச் செல்லும் தலைவர்களின் பயணச் செலவுக்கு மட்டும் வெளிப்படையாக விலக்கு அளிக்கிறது. நட்சத்திரப் பேச்சாளர்கள் எனப்படும் இவர்களின் எண்ணிக்கை, அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40. பிற கட்சிகளுக்கு 20.

ஓர் இருக்கை மாறினால்...

நட்சத்திரப் பேச்சாளருடன் வேட்பாளரும் பயணம் செய்தால், பயணச் செலவில் 50 சதவீதம் வேட்பாளரின் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. பல வேட்பாளர்கள் இருந்தால் அத்தொகை அவர்களிடையே சமமாகப் பிரிக்கப்படும். பாதுகாவலர், மருத்துவ உதவியாளர், ஊடகப் பிரதிநிதி, வேட்பாளர் அல்லாத கட்சி உறுப்பினர் ஆகியோர் உடன் சென்றால் செலவு முழுவதும் கட்சியைச் சேரும்.

எடுத்துக்காட்டாக, மணிக்கு ரூ.5 லட்சம் வாடகையில் 4 மணி நேரம் பறந்தால் ரூ.20 லட்சம் ஆகும். ஒரு வேட்பாளர் உடன் சென்றால் அவர் கணக்கில் ரூ.10 லட்சம் சேரும். மக்களவை உச்சவரம்பில் இது பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம். ஐந்து வேட்பாளர்கள் சென்றால் ஆளுக்கு ரூ.2 லட்சம். வேட்பாளர் எவரும் ஏறாவிட்டால், அதே விமானம் அதே கூட்டத்துக்குச் சென்றாலும் எந்த வேட்பாளரின் கணக்கிலும் பயணச் செலவாக ஒரு ரூபாய்கூடச் சேராது. விமானம் பெரிதாக இருக்கும்போது, யார் யார் ஏறினர் என்ற பயணியர் பட்டியலே முக்கிய ஆவணமாகிறது.

பையும் பட்டியலும்

வாடகை விமானங்கள், ஹெலிகாப்டர்களின் வருகை, புறப்பாடு, பயணியர் விவரங்களை வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் பதிவு செய்து, மூன்று நாள்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு வழங்க வேண்டும் என ஆணையம் அறிவுறுத்தியுள்ளது. ஆனால், பொதுமக்களின் கவனத்தை ஈர்ப்பது சோதனைகளே. 2024 நவம்பரில் மகாராஷ்டிரப் பேரவைத் தேர்தலின்போது யவத்மால் மாவட்டம் வணியில் உத்தவ் தாக்கரேயின் பையை அதிகாரிகள் சோதித்தது சர்ச்சையானது. சில நாள்களில் ஹிங்கோலியில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷாவின் ஹெலிகாப்டரும் சோதிக்கப்பட்டது.

பணமோ பரிசுப் பொருளோ கடத்தப்படுகிறதா என்பதைச் சோதனை காட்டும். விமானத்துக்கான செலவு சரியாகக் காட்டப்பட்டதா என்பதை அது காட்டாது. அதற்குப் பயணியர் பட்டியலையும் வாடகை ரசீதையும் வேட்பாளரின் செலவுக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். கட்சிகள் தங்கள் செலவு அறிக்கையைத் தாக்கல் செய்ய மக்களவைத் தேர்தலுக்கு 90 நாள்களும், பேரவைத் தேர்தலுக்கு 75 நாள்களும் அவகாசம் உள்ளன. அதற்குள் முடிவுகள் வெளியாகி, புதிய அரசும் பொறுப்பேற்றிருக்கும்.

பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கட்சிகளின் தேர்தல் செலவுக்கும் உச்சவரம்பு விதிக்கிறது; பிரசாரப் பயணச் செலவும் அதில் அடங்கும். இந்தியாவின் பரப்பும் பல கட்ட வாக்குப்பதிவும் விமானப் பயணத்தைத் தவிர்க்க முடியாததாக்குகின்றன என்பது கட்சிகளின் தரப்பில் உள்ள நியாயமான வாதம். எனினும், சொந்தப் பணத்தில் ஜீப்பில் பிரசாரம் செய்யும் சுயேச்சை வேட்பாளரின் டீசல் செலவு ரூபாய் கணக்கில் எண்ணப்படும் களத்தில், பல லட்சம் ரூபாய் வாடகை எவருடைய உச்சவரம்பிலும் அடங்காமல் போவது சமமான போட்டியாகுமா என்ற கேள்விக்கு, கட்சிச் செலவுக்கு வரம்பு இல்லாத வரை விடை கிடைக்காது.