கங்கை மீனும் கந்தக பூமியும்

"குடிக்கத் தண்ணீர் எப்பொழுது வரும் என்று குழாயைப் பார்த்துக் கொண்டிருக்கும் ஊரில், கண்ணாடித் தொட்டிக்கு ஜலம் ஏது?" என்று விருதுநகர், சிவகாசி நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எண்பது லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றை ஒரு முறை நிரப்பிவிட்டால், பிறகு வாரந்தோறும் கால் பங்கு, அதாவது இருபது லிட்டர் மாற்றினால் போதும். கழித்த ஜலமும் வீணல்ல. கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அது நல்ல உரம். ஆகவே தண்ணீர்க் கணக்கில் இந்தப் பொழுதுபோக்கு அவ்வளவு பெரிய குற்றவாளியல்ல.

எந்த மீனை வளர்ப்பது என்பதே அடுத்த கேள்வி. நமக்கு ஏற்றது குள்ளக் கௌராமி. இது அந்நிய நாட்டு அதிசயம் அன்று. கங்கை, பிரம்மபுத்திரா நதிகளைச் சேர்ந்த வயல்களிலும் செடி மண்டிய குட்டைகளிலும் வாழும் பாரத தேசத்து மீன். பிரான்ஸிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காத்லாந்து வைத்தியர் கங்கை மீன்களைப் பற்றி 1822-ல் வெளியிட்ட நூலில் இதை முதன் முதலாக வருணித்தார். முழு வளர்ச்சியில் மூன்று அங்குலம் இருந்தால் அதிகம். ஆணுக்குச் செம்மஞ்சள் உடலில் நீலக் கோடுகள் சாய்வாக ஓடும். பெண் வெறும் வெள்ளி நிறம். சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்ததும் வங்காளத்திலிருந்துதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று அதைக் கற்று வந்தார்கள். அந்தத் திசையிலிருந்து மீன் ஒன்று வந்தால் நமக்கு வேற்றுமை தோன்ற வேண்டியதில்லை.

இந்த மீனின் பெரிய விசேஷம் அதன் சுவாசம். செவுள்களுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது. நீரின் மேல்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அந்த உறுப்பின் மூலம் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். நம் ஊர்ப் பனையேறிக் கெண்டையும் இதே வமிசம். 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ப் என்ற டேனிஷ் உத்தியோகஸ்தர், குளத்தருகே ஒரு பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் அந்தக் கெண்டையைக் கண்டதாக எழுதினார். மரமேறும் கதை எப்படியிருந்தாலும், காற்றை நேரே சுவாசிக்கும் திறமை மெய்.

இதிலிருந்து பட்டாசு நாட்டாருக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. தொட்டிக்கு மேலே உள்ள காற்றே இந்த மீனின் மூச்சு. வீட்டு முற்றத்தில் மத்தாப்பு கொளுத்தினால், அந்தப் புகை நமக்கு எப்படியோ அதற்கும் அப்படியே. ஆகவே தொட்டிக்கு மூடி வேண்டும். மூடிக்கும் நீருக்கும் நடுவே இரண்டங்குல இடைவெளியும் வேண்டும். தீபாவளிச் சமயத்தில் தொட்டி உள்ளறையில் இருக்கட்டும். வேலையிலிருந்து திரும்பியவர்கள் முழங்கை வரை கழுவாமல் தொட்டிக்குள் கை விடலாகாது. நீல ஒளிக்காக வாணத்தில் சேர்க்கப்படும் தாமிர உப்பு மீனுக்குக் கொடிய விஷம். மருந்து இருந்த வாளியிலும் டப்பாவிலும் மீனுக்கு நீர் எடுக்கவே கூடாது.

வெடியுப்பைப் பற்றி நம் ஜனங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதே ரஸாயனம் தொட்டிக்குள்ளும் நடக்கிறது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னாளில் மாட்டுக் கொட்டில் மண்ணிலிருந்து வெடியுப்புக் காய்ச்சினார்களே, அந்த மண்ணில் வேலை செய்தவையும் இவ்வகை உயிர்களே. முதலிரண்டும் மீனைக் கொல்லும். மூன்றாவது அவ்வளவு கெடுதலல்ல. இந்த உயிர்கள் வடிகட்டியில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரமாகும். அதுவரை மீனை விடாமல், தினம் ஒரு சிட்டிகை இரை மட்டும் போட்டு வருவதே விவேகம். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்குகிறவர்கள் மறு வாரம் பிணம் பொறுக்குவதன் காரணம் இதுதான்.

உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் இதற்கு உகந்ததன்று. கூரையில் பிடித்த மழைநீரைப் பாதி கலப்பது நலம். குழாய் ஜலமானால் குளோரின் நீங்க ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். இருபத்திரண்டு முதல் இருபத்தெட்டு டிகிரி வரை உஷ்ணம் சுகம். சித்திரை வெயிலில் நீர் சூடேறினால் பிராணவாயு குறைந்து, முதலில் தவிப்பவை கூட இருக்கும் மீன்களே. அவற்றில் பலவற்றுக்கு மேல்காற்றை எடுக்கும் உறுப்பு இல்லை.

கூட்டாளிகள் யார்? இலங்கையின் செர்ரி பார்ப், ஹார்லெக்வின் ரஸ்போரா, அடியில் மேயும் கோரிடோராஸ் ஆகியவை சாதுக்கள். துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்பும், சண்டை மீனும் ஆகாது. சிறு தொட்டியில் இரண்டு ஆண் கௌராமிகளும் ஆகாது. பலமுள்ளது மற்றதைத் துரத்தியே மாய்த்துவிடும். ஓர் ஆணும் இரண்டு பெண்களும், ஒளிந்துகொள்ள அடர்ந்த செடிகளும் இருந்தால் வீட்டில் சமாதானம் நிலவும். பிறகு ஆண் மீன் நுரையும் செடித் துணுக்குகளும் சேர்த்து மிதக்கும் கூடு கட்டுவதையும், முட்டைகளைக் காவல் காப்பதையும் குழந்தைகள் பார்க்கலாம். இதைவிட நல்ல பிராணி சாஸ்திர வகுப்பு கிடையாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கடைக்கு வரும் குள்ளக் கௌராமிகளில் பல பண்ணைகளில் நெருக்கமாக வளர்க்கப்பட்டவை. அவற்றிடையே இரிடோ வைரஸ் என்ற நோய் பரவியிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை. 2003-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்துப் பண்ணை ஒன்றில் 'மர்ரே காட்' என்ற உள்நாட்டு மீன்கள் ஏராளமாக மடிந்தன. அங்கே கண்ட கிருமி, இந்தக் கௌராமிக் கிருமியோடு ஏறக்குறைய முற்றும் ஒத்திருந்தது. அலங்காரத் தொட்டியின் நோய் வேறு இன மீனையும் தாக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆகையால் நிறம் மங்கி மூலையில் ஒதுங்கும் மீனை வாங்காதீர்கள். புதிதாக வந்ததை நாலு வாரம் தனியே வையுங்கள். சலித்துப்போன மீனையோ, தொட்டி நீரையோ கண்மாயில் கொட்டாதீர்கள்.

கண்மாய் ஊர்ப் பொதுச் சொத்து. அதில் மீன் பிடித்து ஜீவிப்பவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுக் கூடத்தின் அழகுக்கு அவர்கள் விலை கொடுக்கும்படி நேரக்கூடாது.