காப்பீட்டுச் சட்டம் மலை ஏறுமா?

கடந்த 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் காப்பீட்டுச் சட்டங்களைத் திருத்தியது. காப்பீட்டு நிறுவனங்களில் அந்நிய நேரடி முதலீட்டுக்கான உச்சவரம்பு 74 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்ந்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, செப்டம்பர் 22 முதல், தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி முற்றிலும் நீக்கப்பட்டது. இடையே நவம்பரில், வன விலங்குகளால் நேரும் பயிர்ச் சேதமும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்படும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. நான்கு மாதங்களுக்குள் மூன்று பெரிய மாற்றங்கள்.

இவற்றைப் பங்குச் சந்தையின் கோணத்தில் பலர் அலசிவிட்டனர். நான் கொடைக்கானலின் கோணத்தில் பார்க்க விரும்புகிறேன். மண்சரிவு, புயல், காட்டுத்தீ, காட்டெருமை, கொண்டை ஊசி வளைவு, தொலைவிலுள்ள மருத்துவமனை என, காப்பீடு எதற்கெல்லாம் தேவையோ அவையனைத்தும் பழநி மலைத்தொடரின் இந்த ஒரு வட்டத்தில் குவிந்துள்ளன. ஒரு சட்டம் உண்மையில் பயன் தருகிறதா என்பதைச் சோதிக்க இதைவிடத் தகுந்த இடம் அரிது.

1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டமே இன்றளவும் நமக்கு அடித்தளம். 1956-இல் 245 நிறுவனங்களை ஒன்றிணைத்து எல்ஐசி உருவானது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் காப்பீட்டையும் அரசுடைமையாக்கியது. மல்ஹோத்ரா குழுவின் 1994-ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1999-இல் தனியாருக்குக் கதவு திறந்தது. அந்நிய முதலீட்டு வரம்பு 26 சதவீதத்தில் தொடங்கி, 2015-இல் 49 ஆகவும், 2021-இல் 74 ஆகவும் ஏறி, இப்போது 100-ஐத் தொட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: மூலதனம் வந்தால் காப்பீடு பரவும். ஆனால், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பிரீமியத்தின் பங்கு 2022-23-இல் 4 சதவீதமாக இருந்து, 2023-24-இல் 3.7 சதவீதமாகக் குறைந்தது. உலகச் சராசரி ஏறத்தாழ 7 சதவீதம். முதலீட்டு வரம்பை உயர்த்தியதால் மட்டுமே மக்கள் பாலிசி எடுக்க முன்வந்துவிடவில்லை.

ஏன் முன்வரவில்லை? பொருளியல் பாடநூல்கள் காப்பீட்டுச் சந்தையை விளக்கும்போது, பாலிசி எடுப்பவருக்குத் தம் நோயும் இடரும் நன்கு தெரியும், நிறுவனத்துக்குத் தெரியாது என்ற இடத்திலிருந்து தொடங்கும். நானும் பல ஆண்டுகள் வகுப்பறையில் அப்படித்தான் கற்பித்தேன். தகவல் ஏற்றத்தாழ்வு எனப்படும் இந்தச் சிக்கல் உண்மையானது. ஆனால், அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒப்பந்தத்தின் நிபந்தனைகளையும் விலக்குகளையும் நிறுவனம் நன்கு அறியும். பாலிசிதாரர் அறிய மாட்டார். அவர் அவற்றை முதன்முதலாகத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இழப்பீடு மறுக்கப்படும் நாளில்தான்.

நுகர்வோர் பக்கத்தில் நல்ல மாற்றங்கள் நிகழ்ந்திருப்பதை மறுக்க முடியாது. 2024 ஏப்ரல் முதல், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் நான்கு ஆண்டுகளிலிருந்து மூன்றாகக் குறைந்தது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பிரீமியம் செலுத்தியவரிடம், தகவலை மறைத்தார் என்று காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இயலாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே மறுக்கலாம். முன்பு இதற்கு எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் 'கேஷ்லெஸ்' கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும்போது மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் முடிவு சொல்லியாக வேண்டும். மூத்த குடிமக்களின் மருத்துவ பிரீமியத்தை ஆணையத்தின் ஆலோசனையின்றி ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவும் வந்தது.

ஆனால், இந்த ஒரு மணி நேர விதி மருத்துவமனை வாசலில்தான் தொடங்குகிறது. மன்னவனூரிலோ கூக்காலிலோ ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், முதலில் கொடைக்கானலுக்கு வர வேண்டும். இதய சிகிச்சைக்கு அங்கிருந்து தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ மலையிறங்க வேண்டும். போய்ச் சேரும் மருத்துவமனை நிறுவனத்தின் பட்டியலில் உள்ளதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க அவகாசம் இராது. பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் வசதி தரும் ஏற்பாட்டைப் பொதுக் காப்பீட்டு மன்றம் 2024 ஜனவரியில் அறிவித்தது. நல்ல முயற்சி, எனினும் மருத்துவமனை இணங்கினால்தான் அது நடக்கும். அவசர சிகிச்சைக்கேனும் இதைக் கட்டாய விதியாக்குவதே மலைவாழ் பாலிசிதாரருக்கு உண்மையான பாதுகாப்பு.

அடுத்து, உழவர். மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு உள்ளிட்ட கீழ்மலையில் காபியும் மிளகும் மலைவாழையும். இவற்றில் கொடைக்கானல் மலைப்பூண்டும் விருப்பாச்சி மலைவாழையும் புவிசார் குறியீடு பெற்றவை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் அறிவிக்கை செய்யப்பட்ட தோட்டக்கலைப் பயிருக்கு, காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதத்தை மட்டும் உழவர் செலுத்தினால் போதும். கேட்க எளிதாக இருக்கும் இத்திட்டம் மலையில் ஏன் தடுமாறுகிறது?

இத்திட்டத்தில் விளைச்சல் இழப்பு தனித்தனி வயலாகக் கணக்கிடப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதன் சராசரி விளைச்சலே அளவுகோல். சமவெளியில் அருகருகே உள்ள இரு வயல்களின் விளைச்சல் பெரிதும் வேறுபடாது. மலையில் ஒரு சரிவில் பனி கருக்கும். எதிர்ச் சரிவில் பயிர் செழிக்கும். சராசரி நன்றாக இருப்பதால், அனைத்தையும் இழந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதோடு, இத்திட்டம் முதன்மையாக உணவுப் பயிர்களுக்கும் ஓராண்டுப் பயிர்களுக்கும் வகுக்கப்பட்டது. காபி, மிளகு போன்ற பல்லாண்டுப் பயிர்கள் அதன் விளிம்பிலேயே நிற்கின்றன.

இந்தப் பின்னணியில்தான் வன விலங்கு அறிவிப்பை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். 2026 காரிஃப் பருவத்திலிருந்து நடைமுறைக்கு வரும் இந்தப் பிரிவில், சேதம் தனி உழவரின் நிலத்திலேயே மதிப்பிடப்படும். சராசரி என்ற தடை நீங்குகிறது. 2013-இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு, காட்டின் எல்லையும் தோட்டத்தின் எல்லையும் ஒட்டியே கிடக்கும் இம்மலைக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

ஆனால், இரண்டு நிபந்தனைகள் உள்ளன. முதலாவது, எந்தெந்த விலங்குகள், எந்தெந்தப் பகுதிகள் என்பதைக் கடந்தகாலச் சேதப் பதிவுகளின் அடிப்படையில் மாநில அரசு அறிவிக்கை செய்ய வேண்டும். வனத்துறையிடம் நிவாரணம் கோரி விண்ணப்பித்தவரின் சேதம் மட்டுமே பதிவேட்டில் இருக்கும். அலைச்சலுக்கு அஞ்சி விண்ணப்பிக்காதவரின் சேதம் கணக்கில் வராது. எனவே பதிவேட்டை மட்டும் நம்பினால், அதிகம் பாதிக்கப்பட்ட ஊரே விடுபட்டுப் போகலாம். காட்டெருமை, காட்டுப்பன்றி, யானை ஆகிய மூன்றையும் கொடைக்கானல் வட்டம் முழுமைக்கும் தமிழக அரசு அறிவிக்கை செய்வதே முறை.

இரண்டாவது, சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் இருப்பிடக் குறியீடு பதிந்த படங்களுடன் கைப்பேசிச் செயலியில் தெரிவிக்க வேண்டும். கைப்பேசி அலைவரிசை எட்டாத தோட்டத்தில், எழுபது வயது உழவர் இதைச் செய்துமுடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. கிராம நிர்வாக அலுவலரோ வனக் காவலரோ தரும் எழுத்து அறிக்கையும் செல்லும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

தொழில் துறையின் கணக்கு வேறு. தனிநபர் மருத்துவ பாலிசிக்கு வரி நீங்கியது. தொழிலாளர்களுக்காக எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கும், கட்டடத்துக்கான தீ விபத்துக் காப்பீட்டுக்கும் 18 சதவீத வரி நீடிக்கிறது. அதே செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை ரூ.7,500 வரையுள்ள விடுதி அறைகளுக்கான ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கூடவே உள்ளீட்டு வரிச் சலுகையும் பறிபோனது. முன்பு தீ விபத்துக் காப்பீட்டுக்குச் செலுத்திய வரியை, அறை வாடகை மீதான வரியில் விடுதி உரிமையாளர் கழித்துக்கொள்ள முடிந்தது. இனி அது முழுச் செலவு. கொடைக்கானலின் சிறு விடுதிகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள்தான் வரும். செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவிடுவது காப்பீடாகவே இருக்கும்.

ரூ.5 கோடி வரை சொத்துள்ள நிறுவனங்களுக்காக 2021 ஏப்ரலில் அறிமுகமான 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் மண்சரிவும் புயலும் அடங்கும். எனினும் சுற்றுலாத் தொழிலின் பெரிய இழப்பு கட்டடச் சேதத்தால் வருவதன்று. 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபோது மரங்கள் விழுந்தும் மண் சரிந்தும் மலைச்சாலைகள் துண்டிக்கப்பட்டன. சாலை அடைபட்டால், ஓர் ஓடுகூட உடையாத விடுதியும் வருவாய் இழக்கும். தன் சொத்துக்குச் சேதம் இல்லாததால், வழக்கமான பாலிசி அதற்குத் தொகை தராது. மழையளவு ஒரு வரம்பைத் தாண்டினாலே தொகை வழங்கும் 'பாராமெட்ரிக்' காப்பீட்டை நாகாலாந்து அரசு 2024-இல் ஏற்படுத்திக்கொண்டது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இத்தகைய காப்பீட்டைத் தமிழக அரசு பரிசீலிக்கலாம்.

குறைதீர்ப்பிலும் ஓர் இடைவெளி உண்டு. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி, வழக்கறிஞரின்றி ரூ.50 லட்சம் வரையிலான புகார்களைக் கொண்டுசெல்லலாம். தனிநபர்கள், தனியுரிமைத் தொழில்கள், குறுந்தொழில்கள் ஆகியோருக்கு மட்டுமே இந்த வழி. அதைவிடச் சற்றுப் பெரிய பங்குதாரர் நிறுவனம் நுகர்வோர் ஆணையத்துக்கோ நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும். தமிழகத்துக்கான குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் உள்ளது. ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் நேரடி அமர்வு நடத்துவது பெருஞ்செலவாகிவிடாது.

இவையனைத்துக்கும் அடியில் ஒரே குறை இருப்பதாக எனக்குப் படுகிறது. நமது சட்டம் விற்பனையை அளக்கிறது. கிராமப்புறக் கடமை பற்றிய 2024-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் கிராம ஊராட்சியை அலகாகக் கொண்டன. பாராட்டத்தக்க மாற்றம்தான்; ஆனால் அங்கே எத்தனை பேருக்குக் காப்பீடு விற்கப்பட்டது என்பதே கணக்கு. எத்தனை பேருக்கு, எத்தனை நாள்களில் இழப்பீடு கிடைத்தது என்பதும் அதே அலகில் கணக்கிடப்பட வேண்டும். புதிய திருத்தச் சட்டம் பாலிசிதாரர் கல்வி, பாதுகாப்புக்கென ஒரு நிதியத்தை ஏற்படுத்துகிறது. அதன் முதல் பணியாக இந்தக் கணக்கை வட்டவாரியாக, தமிழில் வெளியிடச் செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணம் வந்ததைக் காண்பதைவிடச் சிறந்த காப்பீட்டு விளம்பரம் வேறில்லை.

2026 காரிஃப் பருவம் முடிந்ததும், கொடைக்கானல் வட்டத்திலிருந்து வன விலங்குச் சேதத்துக்காக எத்தனை கோரிக்கைகள் வந்தன, எத்தனை உழவர்களின் வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்தது என்ற இரு எண்களை அரசு வெளியிடட்டும். சட்டம் மலை ஏறியதா என்பதை அவற்றைக் கொண்டு மக்களே முடிவுசெய்துகொள்வர்.