தேதி வெட்டப்பட்ட மாத்திரை

"காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை குடுங்க." கேட்டதும் கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கிறார். தேதி அச்சடித்த முனை கடையிலேயே தங்கிவிடுகிறது. முழு அட்டை வாங்கக் காசுள்ளவனுக்குத்தான் தேதி. நாகரசம்பட்டியிலிருந்து ஓசூர் கம்பெனிகளுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போய்வரும் நம் சனங்களுக்கு ரெண்டு மாத்திரைதான், அதுவும் பில் இல்லாமல். கேட்டால், "பத்து ரூபாய்க்கு பில்லா?" என்ற நக்கல்.

2010 மார்ச்சில் சென்னையில் என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டோம். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் கொட்டப்பட்ட காலாவதி மருந்துகள் பொறுக்கி எடுக்கப்பட்டு, தேதி மாற்றப்பட்டு, மறுபடி கடைக்கு வந்த கதை அப்போதுதான் வெளிவந்தது. குப்பையில் வெறுங்கையோடு பொறுக்கியவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. அதைத் திரும்பக் காசு கொடுத்து வாங்கி விழுங்கியதும் நம்மைப் போன்றவர்கள்தான். லாபம் மட்டும் நடுவில் நின்றவனுக்கு. முக்கியப் புள்ளிகள் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. பலரும் கை தட்டினார்கள். நமக்கு அந்தச் சட்டம் நன்றாகத் தெரியும், சேரி இளைஞர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஓராண்டு வரை விசாரணையில்லாமல் உள்ளே வைக்கலாம், அவ்வளவுதான். அது குற்றத்துக்கான தண்டனை ஆகாது.

தண்டனைக்கு வேறு சட்டம் இருக்கிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம். அதன்கீழ் வந்த 1945 விதிகளில் 65-ஆம் விதி, தேதி முடிந்த மருந்தை உரிமம் பெற்றவர் விற்கக்கூடாது, விற்பனைச் சரக்கோடு வைத்திருக்கவும் கூடாது என்கிறது. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பும்வரை தனிப்பெட்டியில், 'விற்பனைக்கல்ல' என்று எழுதித்தான் வைக்கவேண்டும். மீறினால்? போலி மருந்தும் கலப்பட மருந்தும் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை என்று 2008-இல் திருத்தினார்கள். காலாவதி மருந்தோ பெரும்பாலும் 27-ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவில்தான் போய் விழுகிறது. 1 முதல் 2 ஆண்டு சிறை, குறைந்தது 20,000 ரூபாய் அபராதம். 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்த உட்பிரிவையும் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டது. 'மக்கள் நம்பிக்கை' என்று பெயர் வேறு! எந்த மக்கள், யார்மீது நம்பிக்கை?

"தேதி தாண்டினா என்ன, வீரியம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். பல மாத்திரைகளுக்கு அது ஓரளவு உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் கெட்டுப்போன டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைத் தாக்கியது 1960களிலேயே மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. வீரியம் போன இன்சுலினைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை இறங்காது. நோய் முற்றி, கடைசியில் "ஆஸ்பத்திரிக்கு லேட்டா கொண்டு வந்தீங்க" என்று பழியும் நம்மீதே விழும்.

இந்த எல்லைப் பகுதியில் இன்னொரு சங்கடம். ஷிப்ட் முடிந்து அத்திப்பள்ளியில் மாத்திரை வாங்குகிறான், ஊருக்கு வந்து விழுங்குகிறான். விற்ற கடை கர்நாடகத்து மருந்து ஆய்வாளரின் எல்லையில். கிருஷ்ணகிரியில் மனு கொடுத்தால் அங்கே போகச் சொல்வார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எவன் போவான்?

மாணவத் தோழர்கள் ஒன்றைப் படித்துவைக்க வேண்டும். இதே சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, மருந்து வாங்கிய எவரும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். 32-ஆம் பிரிவுப்படி, பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடரலாம், ஆய்வாளர் அசையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டுக்கும் கையில் ஆதாரம் வேண்டும். ஆகவே ரெண்டு மாத்திரை வாங்கினாலும் பில் கேளுங்கள். தேதி இருக்கிற முனையைக் கடைசிவரை விட்டுவைத்து மறுமுனையிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். அட்டையைக் காட்ட மறுக்கும் கடை எது என்று தெருவாரியாக எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த இதழுக்குள் அந்தப் பட்டியல் நம் கையில் இருக்கவேண்டும்.