ஊர் காண்டலும் ஊர் அறிதலும்

விடுமுறை வந்துவிட்டால், மாணாக்கராகிய நமக்குக் கடற்கரைப் பட்டினம் ஒன்றைக் காணவேண்டும் என்னும் வேட்கை மிகுகின்றது. இஃது இயல்பே, குற்றமன்று. ஆயினும், இரண்டு நாட் செலவில் நாம் காண்பன யாவை, உண்பன யாவை, உளத்திற் கொண்டு மீள்வன யாவை என்று ஒருகாலேனும் எண்ணியதுண்டா? அங்ஙனம் எண்ணுமாறு என்னைச் செய்தது ஒரு சிறு நிகழ்ச்சி. அதனை முதற்கண் உரைத்து, என் கருத்தைப் பின்னர்க் கூறுவேன்.

என் ஊர் கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அணித்தாக உள்ளது. சென்ற தை விடுமுறையில் விடுதித் தோழர் நால்வர் எம் இல்லத்திற்கு வந்திருந்தனர். ஐவரும் பேருந்தேறி, உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் வழியாகப் புதுவை சேர்ந்தோம். கடற்கரைச் சாலையில் நடந்தோம். காந்தியடிகள் சிலையின் அருகே அமர்ந்து சுண்டல் தின்றோம். நண்பகலில் வஞ்சிரமீன் குழம்பும் நெத்திலி வறுவலும் வயிறார உண்டோம். மாலையில், பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற முறையிற் சுட்ட நீண்ட ரொட்டியை, மேலே முறுகலும் உள்ளே மென்மையுமாக, சூடு ஆறுமுன் பிய்த்துப் பகிர்ந்துகொண்டோம். அந்நாள் முழுதும் இன்பமாகவே கழிந்தது.

இரவு தங்கச் சென்றவிடத்தில், பெயர் எழுதிக்கொண்ட முதியவர், "எந்த ஊர், தம்பி?" என்றார். "கள்ளக்குறிச்சிப் பக்கம், ஐயா" என்றேன். அவர் நகைத்து, "சாராயம் குடித்துச் செத்தார்களே, அந்த ஊரா? இங்கே பயமில்லாமற் குடிக்கலாம்" என்றார். தோழரும் நகைத்தனர். எனக்கு நகை வரவில்லை.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும், மெத்தனால் கலந்த சாராயத்தை உண்டு 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலியால் உயிர் வாழ்ந்தவர். பள்ளியில் என் அருகே அமர்ந்திருந்த ஒருவன் அவ்வாரத்திலே தன் தந்தையை அடக்கம் செய்தான். பின்னர்ப் படிப்பை விட்டுக் கரும்பு வெட்டச் சென்றான். அவன் முகம் அன்றிரவு என்னை உறங்கவொட்டவில்லை.

முதியவரை மனத்துள் வெகுண்டேன். ஆனால், வெகுளி தணிந்தபின் வேறொன்று தோன்றிற்று. புதுவையைப்பற்றி யாம் அறிந்தது யாது? பேருந்தில் எம்முள் நிகழ்ந்த பேச்சை நினைந்தேன். அது வேறு ஆட்சிப் பகுதி, வரி குறைவு, ஆதலின் ஆண்டு மது மலிவு. எம் பக்கத்தார் பலர்க்குப் புதுவை என்பது இவ்வளவே. அவர் எம் ஊரை ஒரு சொல்லால் அறிந்திருந்தார். யாமும் அவர் ஊரை அச்சொல்லாலேயே அறிந்திருந்தோம். இதில் யார் யாரை வெகுள்வது?

மறுநாள் தோழரை வற்புறுத்தி அரிக்கமேட்டிற்கு அழைத்துச் சென்றேன். மாமரங்களும் இடிந்த செங்கற் சுவரும் அன்றி அங்குக் கண்ணைக் கவர்வது ஒன்றுமில்லை. "இதற்கா வந்தோம்?" என்றான் ஒருவன். ஆயின் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அம்மண்ணை அகழ்ந்தபோது, உரோமர் மதுச்சாடிகளின் துண்டுகளும், செந்நிற மெருகிட்ட கலங்களும் வெளிப்பட்டன. மணி செய்தோர் வாழ்ந்த அவ்விடத்திற் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்துள்ளன. எம் மாவட்டத்துத் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையிலும் 1981-இல் அத்தகைய எழுத்துக் கண்டறியப்பட்டது; அதியமான் நெடுமான் அஞ்சி துறவியர்க்குப் பாறைக் குகையை ஈந்த செய்தியை அது கூறுகின்றது. மலைப்பக்கத்துப் பாறையிலும் கடற்கரைப் பானையிலும் ஒரே நெடுங்கணக்கு! இதனைக் கூறியபோது, முன்னர் முணுமுணுத்தவனே குனிந்து ஓடு தேடலானான். அங்குள்ள எதனையும் எடுத்தல் தகாது என்று அவனைத் தடுக்கவேண்டியதாயிற்று.

அன்று நண்பகல் உணவு விடுதியொன்றிற் சாமைச்சோறு கேட்டு உண்டோம். அரிசிச்சோற்றினும் விலை மிகுதி. சாமையும் தினையும் எங்கள் மலையில் வானத்தை நம்பி விளைவன. அவற்றை விளைக்கும் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆட்சிக்கீழ் இருந்தவர். இன்றும் அவர் சந்தையிற் பெறும் விலையை யான் அறிவேன். நகரத்தார் நலத்திற்கென விரும்பி உண்ணும் சோறு, விளைத்தவன் அடுக்களையில் நியாயவிலைக் கடை அரிசிக்கு இடம் கொடுத்து வருகின்றது. உண்டவருள் எவரும், "இஃது எங்கிருந்து வந்தது?" என வினவவில்லை. முதல் நாள் மீனை உண்ட யானும், அதனைப் பிடித்தவன் எக்குப்பத்தான் என வினவினேனில்லை.

"களிப்பிற்காகச் செல்லும் செலவிற் பாடம் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். களிப்பை யான் வெறுப்பேனல்லேன். அந்த ரொட்டியின் சுவை இன்னும் என் நாவில் உள்ளது. அறிவு களிப்பைக் குறைப்பதன்று. கவர்னர் டூப்ளேயின் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பை ஒரு பக்கமேனும் படித்துப் புதுவைத் தெருவில் நடப்பவனுக்குச் சுவர்களும் பேசும். பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர் என்று அறிந்தவனுக்கு அக்கடற்காற்றே வேறாகும். அறியாதவனுக்கோ எல்லாக் கடற்கரையும் ஒன்றே. எல்லா ஊரும் ஒரு சொல்லே.

ஆதலின் தோழர்க்கு யான் கூறுவன மூன்று. செல்லுமுன், ஒருவரேனும் அவ்வூரைப்பற்றிப் படித்து ஏனையோர்க்கு அரைநாழிகை சொல்லுக. சென்றவிடத்தில், உண்பதனையும் வாங்குவதனையும் விளைத்தவர் யார், செய்தவர் யார் என வினவுக. மூன்றாவது, கடலை நோக்கிய செலவிற்கு ஈடாக மலையை நோக்கியும் ஒரு செலவு மேற்கொள்க.

எம் பக்கத்திற்கு வருக. மேகம் அருவியும் பெரியார் அருவியும் உள. பெண்ணையாற்றின் நடுவே, பாரியின் நண்பராகிய கபிலர் உயிர் நீத்த இடம் என வழங்கும் பாறை உளது. 2021-இற் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களைச் செதுக்குவோர் பட்டறைகள் உள. கருணாபுரமும் உளது, அதனை மறைக்குமாறு யான் கேட்கவில்லை. அங்கு மாண்டவரை நகைப்பிற்குரிய ஒரு சொல்லாக்காமல், தந்தையராகவும் தாயராகவும் நினைக்குமாறே கேட்கின்றேன்.

நம் கல்லூரித் தமிழ்ச்சங்கத்தார் அடுத்த ஆண்டுச் செலவிற்கு இடம் தேடும்போது, வெள்ளிமலையை நினைவார்களாக. என் அன்னையார் சாமைச்சோறு ஆக்கி வைப்பார், விலையில்லை.