அடிப்பூச்சுக்கும் கணக்கு வேண்டும்

ஒரு வள்ளம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், நம்மில் முக்கால்வாசிப் பேர் அதன் நிறத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறோம். நீலம் பளபளத்தால் நல்ல வள்ளம். பதிவு எண்ணும் தெளிவாக எழுதியிருந்தால் ரொம்ப நல்ல வள்ளம். இந்தப் பழக்கம்தான் ப்ளைவுட் வள்ளங்களைக் கொல்கிறது என்பது என் கட்சி. கோபம் வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளலாம்.

ப்ளைவுட் வள்ளம் நம் கரைக்கு எப்படி வந்தது என்று இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வேண்டிய பெரிய மரம் அரிதாகி விலை ஏறிய காலத்தில், 1980களின் தொடக்கத்தில், குமரி மாவட்டம் முட்டத்தில் ப்ளைவுட் படகு கட்ட முனைந்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் பியேர் ஜிலே என்ற பெல்ஜியப் பொறியாளர். (கில்லெட் என்று வாசிக்காதீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் சொல்கிறேன்.) ப்ளைவுட்டை அளவாக வெட்டி, விளிம்பில் துளையிட்டுக் கம்பியால் தைத்து, மூட்டுகளைக் கண்ணாடி இழையும் பிசினும் வைத்து அடைப்பது அந்த முறை. மசுலாப் படகைக் கயிற்றால் தைத்த கரைக்காரர்களுக்குத் தையல் ஒன்றும் புதிதல்ல. உள்ளே கூடாக இருந்த புதுக் கட்டுமரத்துக்குக் ‘கொட்டுமரம்’ என்று பெயர் வந்தது. அந்த அனுபவத்தை ஜிலே 1985இல் புத்தகமாக எழுதினார். தலைப்பு ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’. சிறிய காரியம்தான் கடினம் என்று அட்டையிலேயே சொல்லிவிட்டார்.

அந்தச் சிறிய காரியங்களில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எபாக்ஸி போட்ட ப்ளைவுட்டின் மேல் பெயிண்ட் அடிப்பது.

“எபாக்ஸியே போட்டாச்சு அண்ணாச்சி, தண்ணியே உள்ள போகாது. அதுக்கு மேல ப்ரைமர் எதுக்கு? ரெண்டு கோட் எனாமல் இழுத்தா முடிஞ்சுது.” திரேஸ்புரத்துப் பக்கம் ஒரு பெயிண்டர் என்னிடம் சொன்னது இது. கெட்ட மனிதர் அல்ல. கை சுத்தமான வேலைக்காரர். ஆனால் அவர் சொன்னது தவறு. ஏன் தவறு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, எபாக்ஸி தண்ணீரைத் தாங்கும், வெயிலைத் தாங்காது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மஞ்சளாகி, சுண்ணாம்புபோல் பொடியும். அதனால் மேலே பெயிண்ட் என்பது அலங்காரம் இல்லை, குடை.

இரண்டாவது, அந்தக் குடை நிற்க வேண்டுமே! எபாக்ஸி இறுகும்போது, நம் ஊர்போல ஈரக்காற்று உள்ள இடத்தில், மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் கசிந்து நிற்பதுண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதைக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் படலம் போகாது, பரவும். தின்னர் துணி போதாது. நல்ல தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும்தான் அதற்கு மருந்து. கழுவிக் காயவைத்த பிறகே தேய்ப்பு.

மூன்றாவது, தச்சுப்பட்டறையில் கிடைக்கும் சாதாரண மர ப்ரைமர் மரத்தின் துவாரங்களுக்குள் ஊறிப் பிடிப்பது. எபாக்ஸி போட்ட இடத்தில் துவாரம் ஏது? கண்ணாடிமேல் பூசிய மாதிரி நிற்கும். உப்புத்தாள் போட்ட கீறல்தான் அங்கே பிடிமானம். பளபளப்பு முழுக்கச் செத்து மங்கின பிறகு, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி ப்ரைமர் போட வேண்டும். சரியாக இறுகாத எபாக்ஸிமேல் எண்ணெய் எனாமலை நேரே இழுத்தால், வாரக்கணக்கில் காயாமல் கையில் ஒட்டுவதும் உண்டு.

பிரெஞ்சில் ப்ரைமருக்கு ‘அப்ரெ’ என்று பெயர். ஆயத்தப்படுத்துவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்த சொல். நாமோ அதை ஒரு நிறம் இல்லாத பெயிண்ட் என்று நினைத்து, காசு மிச்சம் பிடிக்கும் முதல் இடமாக வைத்திருக்கிறோம்.

பெயிண்ட் உரிந்தால் என்ன, அடுத்த வருஷம் மறுபடி அடித்துக்கொள்ளலாமே என்பீர்கள். உரிந்த இடத்தில் வெயில் எபாக்ஸியைத் தின்னும். மயிரிழை வெடிப்பு விழும். ப்ளைவுட்டின் வெட்டு விளிம்பு தண்ணீரை உறிஞ்சுவது திரி எண்ணெயை உறிஞ்சுவது மாதிரி. உள்ளே போன ஈரம், மற்ற எல்லாப் பக்கமும் அடைத்திருப்பதால் வெளியே வர வழியில்லை. மரம் மூடிய அறைக்குள் உளுக்கும். வெளியே நீலம் பளபளக்கும். பலகை வள்ளத்துக்கு வேப்பெண்ணெயும் சுறா எண்ணெயும் பூசிய நம் முன்னோருக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்த மரம் ஈரத்தை வாங்கியது, விட்டது. நாம் அடைத்துவைக்கத் தெரிந்துகொண்டோம், அடைத்ததைக் காக்கத் தெரிந்துகொள்ளவில்லை.

அது கடன் வாங்கிக் கட்டிய வள்ளம் என்பதையும், அதில் போகிறவர்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி இருக்கும்போதுதான் அடிப்பலகை கைவிடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

யாரைக் குற்றம் சொல்வது? பெயிண்டரை மட்டும் சொல்வது அநியாயம். மொத்தக் கூலி பேசி, பனிமய மாதா திருவிழாவுக்குள் நிறம் ஏற வேண்டும் என்று அவசரப்படுத்துவது நாம். ஜூலையில் கச்சான் காற்று மண்ணையும் உப்பையும் அள்ளி வீசும் நாளில் திறந்தவெளியில் பூச்சு நடக்கிறது. கழுவுவதற்கும் காய்வதற்கும் ஒரு நாள் கேட்டால், ‘நாள் கடத்துகிறான்’ என்கிறோம். கழுவினாலும் கழுவாவிட்டாலும் கூலி ஒன்றுதான் என்றால் எந்த மனிதன் கழுவுவான்?

அரசு ஆய்வும் இதே கண்ணோடுதான் நடக்கிறது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரப் பாதுகாப்புக்காகப் படகுகளுக்கு மாநிலவாரியாக நிறம் வகுத்தார்கள். நல்லதுதான். நிறத்தைப் பார், எண்ணைப் பார், மிதவையைப் பார். நிறத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் படிவத்தில் ஒரு கட்டம் கிடையாது.

நான் அரசாங்கப் பொறியியல் பிரிவு ஒன்றில் எழுத்தராகக் காலம் தள்ளியவன். அளவுப் புத்தகத்தில் ஒரு பழைய விதி உண்டு. மூடப்போகிற வேலையை மூடுவதற்கு முன்பே அளந்து எழுத வேண்டும். அஸ்திவாரத்தை மண் போட்டு மூடிய பிறகு அளக்க முடியாது. இதைவிடப் பழைய உதாரணமும் நம் ஊரிலேயே இருக்கிறது. 1961இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்புவரை, முதலில் பாரில் மாதிரிக்குச் சிப்பி எடுத்துத் திறந்து, முத்தை மதிப்பிட்டுப் பார்த்த பிறகுதான் குளிப்புக்கு நாள் குறித்தார்கள். சிப்பியின் வெளி ஓட்டைப் பார்த்து யாரும் அறிவிக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது மூன்று. கூலியை இரண்டாகப் பேசுங்கள்: கழுவி, தேய்த்து, ப்ரைமர் போடும்வரை ஒன்று, மேல்பூச்சுக்கு ஒன்று. ப்ரைமர் போட்டதை உரிமையாளர் நேரில் பார்த்த பிறகே மேல்பூச்சு. ஆய்வுப் படிவத்தில் அடிப்பூச்சுக்கு ஒரு கட்டம்.

பார்ப்பது எப்படி என்கிறீர்களா? ப்ரைமருக்கு முன், தேய்த்த பரப்பில் தண்ணீர் தெளியுங்கள். படர்ந்து நின்றால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் அழுக்கு இருக்கிறது. பூச்சு நன்றாக இறுகின பிறகு ஒரு மூலையில் பிளேடால் பெருக்கல் குறி கீறி, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். நிறம் டேப்போடு வந்தால் வேலை சரியில்லை. அந்த இரண்டாவது கூலியை நிறுத்தி வையுங்கள். வராவிட்டால் அந்தப் பெயிண்டருக்குப் பேசியதற்கு மேலேயே கொடுங்கள், தகும்.

மேல்நாட்டில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் ப்ளைவுட் கூண்டு வண்டிக்கும், நம் ஊர்ச் சாலையோரம் நிற்கும் டிபன் வண்டிக்கும் விதி இதேதான். அவை கெட்டால் ரோட்டோரம் நிற்கும். வள்ளத்துக்கு அந்த வசதி இல்லை.